காட்பாடியில் ஜெர்மன், ஞாயிறு பத்து மணி

பம்புசெட் கடைக்கு மேலே மாடி.
ஏழு நர்ஸுகள், இரண்டு எஞ்சினியர் பையன்கள்,
மேல்விஷாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் நான்.
வயசு நாற்பத்தொன்று.
பெனிட்டா டீச்சருக்கு இருபத்து நாலு.
'ஃப்ராவ் முபீனா' என்று கூப்பிட்டாள்.
கம்பெனியில் 'கட்டிங் முபீனா'வாகவே இருந்தவள்
யாரையோ கூப்பிடுகிறாள் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

கையுறைக்கு அவர்கள் வைத்த பேர்
கை ஷூ.
பதினெட்டு வருஷமாக ஷூவுக்குத் தோல் வெட்டுகிறேன்,
இது தோன்றவில்லை எனக்கு.
அன்றைக்கே பீஸ் கட்டினேன்.

நாலாவது வாரம் 'கைன்'.
இல்லாததைச் சொல்லும் சொல்.
"உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க,
எல்லாத்துக்கும் கைன் போட்டு."
எங்களுக்கா கஷ்டம்?
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
மரம் இல்லாத மலை,
தண்ணி இல்லாத ஆறு.
சாமி திரும்பி வந்து எத்தனையோ வருஷமாச்சு,
வாசகம்தான் இன்னும் காலி பண்ணவில்லை.
கடைசியில் பொம்பளைகளைப் பற்றி ஒன்று உண்டு.
பையன்கள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.
ஏழு நர்ஸும் ஒரே நேரத்தில் திரும்பியதில்
அது மட்டும் ஜெர்மனுக்குப் போகவில்லை.

ஆறாவது வாரம் 'டொஃக்'.
'இல்லையா?' என்று கேட்பவரிடம்
'ஏன் இல்லாம!' என்பதை
அவர்கள் ஒரே வெட்டில் முடிக்கிறார்கள்.
தொண்டைக்குள் உரச வேண்டும்.
எஃகு, அஃது என்று இரண்டு வீட்டுக்கு மட்டும்
போய்வந்துகொண்டிருந்த மூன்று புள்ளிக்கு
வெளிநாட்டு வேலை.

எனக்கும்தான்.
புது வெட்டு மெஷின் பழக
பிர்மாசென்ஸில் மூன்று வாரம்.
முதல் ராத்திரி,
ஒரு வண்டிகூட இல்லாத ரோட்டில்
சிவப்பு மனிதன் பச்சையாகட்டும் என்று
நாயோடு நின்றிருந்தார் ஒருவர்.
நாயும் சிக்னலையே பார்த்தது.
கிரீன் சர்க்கிளில் ஓடிப் பழகிய என் கால்
இரண்டு தரம் இறங்கி, இரண்டு தரம் ஏறியது.

கேன்டீனில் ஹைகே கேட்டாள்,
உன் ஊர் எப்படி?
பாடம் செய்ததைத்தானே சொல்ல வரும்?
ராஜா கைன், மரம் கைன், ஆற்றில் தண்ணி கைன்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
"ஆற்றில் தண்ணியே இல்லையா?"

டொஃக்!

வாய் முந்திக்கொண்டது.
மிச்சத்துக்கு வார்த்தை இல்லை.
மேசையில் உப்பைக் கொட்டினேன்: மணல்.
விரலால் பறித்தேன், முழங்கை ஆழம் என்று காட்டினேன்,
உள்ளங்கையைக் குவித்துத் தூக்கினேன்.
அவள் காகிதத் துண்டில் எழுதினாள்: க்வெல்லெ.
ஊற்று. பெண்பால்.
அந்தக் கார்த்திகையில் பாலாறு
கரை முட்டப் போனதையும் சொன்னேன்,
இரண்டு கையையும் விரித்து.
பக்கத்து மேசைக்காரர் காபியை நகர்த்திக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லவில்லை.
எங்கள் தோல் ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் பறித்தால்
வருவது என்ன நிறம் என்று.
வார்த்தை இல்லாமல் இல்லை.
நிறங்கள் இரண்டாவது பாடம்.

இப்போது 'வைல்' நடக்கிறது.
'ஏனென்றால்' என்று ஆரம்பித்தால்
வினைச்சொல் வரிசையை விட்டு
கடைசியில் போய் நிற்குமாம்.
"நம்ம தமிழ் மாதிரியே," என்கிறாள் பெனிட்டா.
நர்ஸுகளுக்கு நிம்மதி.

காட்பாடி பஸ்ஸில், மடியில் நோட்டு.
ஹைகேவுக்கு ஒரு கடிதம்:
அன்றைக்கு அந்த நிறத்தை நான் சொல்லவில்லை,
ஏனென்றால் நான்
என்பதுவரை எழுதியாயிற்று.
வினை வரவேண்டும்.
பஸ் பாலத்தின் மேல் ஏறிவிட்டது.
ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன்.